வீட்டுக்கு ஒரு நுழைவுச்சீட்டு

ஒரு மனிதர் கதிரையில் இருந்துகொண்டு தாளைப் பார்த்து வாசிப்பார். அதைக் கேட்க நீங்கள் எத்தனை நாள் கூலியைக் கொடுப்பீர்கள்? அரை நாளா? ஒரு நாளா? அந்த மனிதர் சினிமாவில் கண்ட முகம் என்றால் எவ்வளவு கூட்டிக் கொடுப்பீர்கள்? பதிலை மனதுக்குள் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். மாங்குளத்தில் நேசமலரின் தேத்தண்ணிக் கடைக்கு வந்துபோகும் பதினொரு குடும்பங்களுக்கு அப்படி யோசிக்க யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

நேசமலரின் கடை சந்தியில் இருந்து துணுக்காய்ப் பக்கம் திரும்பும் வீதியில் இருக்கிறது. இருக்க நாலு வாங்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வாய்ப்பனும் வடையும். விடியவே வயலுக்குப் போகிறவர்களும் கச்சான் கடலை பிடுங்கப் போகும் பெண்களும் அங்கே நின்றுதான் போவார்கள். ஐம்பதைத் தாண்டிவிட்ட நேசமலர் வவுனிக்குளம் குடியேற்றத் திட்டத்தில் பிறந்தவர். தகப்பன் வேலணையில் இருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர். கணவரைப் போரில் செல்லடியில் இழந்தார். மகள் ஓமந்தையில் கலியாணம் முடித்து இருக்கிறாள். மூத்தவன் போருக்குப் போனவன், திரும்பவில்லை. அவனைப் பற்றி அவர் கடையில் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

கடையில் அவருடைய முதல் என்றால் அது அவருடைய வாய்ச்சொல்தான். இன்ன விதைநெல் நல்லது, இன்ன டொக்டர் காசு பறிக்கமாட்டார், இந்தப் பஸ் இண்டைக்கு வராது என்று நேசமலர் சொன்னால் சனம் மறுபேச்சில்லாமல் நம்பும். இதைத் தெரிந்துதான் சுகிர்தன் அங்கே வந்தான்.

சுகிர்தன் கிளிநொச்சிப் பெடியன். சின்ன வயதில் பெற்றோருடன் வெளிநாடு போய், போர் முடிந்து பல வருடம் கழித்துத் திரும்பியவன். நிகழ்ச்சி நடத்தும் கொம்பனி ஒன்றுக்கு இந்தப் பக்கத்து இணைப்பாளர். கையில் ஒரு பெரிய பதாகை, அதில் சென்னை நடிகர் ஒருவரின் முகம். இடப்பெயர்வு பற்றி வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எழுதிய நாடகத்தை அந்த நடிகர் கிளிநொச்சியில் மேடையில் வாசிக்கப்போகிறாராம்.

“வாசிக்கிறதெண்டால்? பாடமாக்கேல்லையோ?” என்று கேட்டார் நேசமலர்.

“அன்ரி, அதுதான் ஸ்ரைல். மேடை வாசிப்பு. லண்டனிலை இதுக்குச் சனம் வரிசையிலை நிக்குது.”

“வரிசையிலை நிக்கிறது எங்களுக்கும் பழக்கம்தான் தம்பி. உடுப்புப் போட்டு நடிப்பாரோ?”

“முகத்திலையே எல்லாம் காட்டுவார், பாருங்கோவன்.”

பின்வரிசைக் கதிரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. கச்சான் பிடுங்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி இரண்டாயிரம். நடுவில் ஆறாயிரம். முன்வரிசையில் இருந்து நடிகரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள இருபதாயிரம். முன்வரிசைக்காரர் வாங்குவது கேட்கும் வசதியை அல்ல. சத்தம் எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரித்தான் வரும். முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உரிமைக்குத்தான் அந்த விலை. கோயிலில் சிறப்புத் தரிசனம் விற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்கள் இதற்குப் பெயர் கலை என்கிறார்கள். பால்மா விலையைக் கேட்டுப் பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி கொடுக்கிற ஊரில், அந்த நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்களும் இருந்தார்கள். கல்லுக்கு ஊற்றினாலும் கடதாசி மட்டைக்கு ஊற்றினாலும் பால் நிலத்துக்குத்தான் போகிறது.

நேசமலர் சீட்டுகளைக் கடையில் வைத்து விற்கச் சம்மதித்தார். அதற்குக் கூலியாக அவருக்கு ஒரு இலவசச் சீட்டு.

முதலில் கேள்வி கேட்டவர் ஐயாத்துரை. துணுக்காயில் ஐந்து ஏக்கர் வயல் செய்பவர், வாய் நீளம்.

“உவன் ஒரு கையாலை இருபது பேரை அடிச்சவனெல்லே. இஞ்சையும் அடிப்பானோ?”

“வாசிக்கிறாராம் அண்ணை.”

“வாசிக்கிறதுக்கோ இவ்வளவு காசு? எங்கட வாத்தியார் சும்மா வாசிப்பாரே. வேண்டாமெண்டாலும் வாசிப்பார்.”

“அப்ப எடுக்காதேங்கோ.”

“எடுக்காமல் வீட்டை போக ஏலுமே? மருமேள் தனுஷா உவன்ர படம் ஒண்டும் விடாள். சரி, ஒண்டு தா. வீட்டுக்கு ஒண்டு காணும்தானே?”

“ஓம் அண்ணை. வீட்டுக்கு ஒண்டு.”

இந்த இடத்தில் வெளியூர் வாசகர் சிரிக்கக்கூடும். சிரிக்க முன்னர் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வன்னியில் எங்கள் காலத்தில் எல்லாம் குடும்ப அட்டைக்குத்தான் கிடைத்தது. அரிசி, மா, பருப்பு, கூரைக்குத் தறப்பாள், வாளி, நுளம்பு வலை, கடைசியாக வீட்டுத்திட்டம். ஒரு அட்டை என்றால் ஒரு வீடு. அட்டைக்காரர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். கோயில் கூத்துக்கும் அப்படித்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்ப்பார்கள், பிறகு கைக்குழந்தை முதல் கிழவர் வரை பாயோடு போய் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு என்ற விஷயம் பஸ்ஸில் உண்டு. பார்க்கவும் கேட்கவும் போகிற இடத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று நேசமலருக்குத் தோன்றவேயில்லை. ஆகவே அவர் சுகிர்தனிடம் கேட்கவும் இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கு ஒண்டு என்றுதான் சொன்னார்.

ஆளுக்கு ஒன்று என்று சீட்டில் எழுதியிருக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதியிருந்தது, மூலையில், மிளகளவு எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழ் நாடகம், தமிழ் நடிகர், தமிழ்ச் சனம். சீட்டு மட்டும் ஆங்கிலம். தனுஷா ஆங்கிலம் படித்தவள்தான். அவளும் நடிகரின் முகத்தைப் பார்த்தாள், மூலையைப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி நடந்த சனிக்கிழமை பின்னேரம் பதினொரு வீட்டுச் சனமும் ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்து ஏறினார்கள். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். பாய்கள், தண்ணிப் போத்தல்கள், வாழையிலையில் கட்டிய புட்டு, இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. நேசமலர் கலியாணத்துக்கு உடுக்கும் சேலையில் முன் சீற்றில் இருந்தார். பஸ் முழுக்கத் தன் சொல்லை நம்பி வருகிறது என்ற பெருமை அவருக்கு இருந்தது. அதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் கறுப்புச் சட்டை போட்ட காவல்காரன் பாய்களைப் பார்த்தான்.

“எங்கை போறியள்?”

நேசமலர் சீட்டுகளை நீட்டினார். “இது பதினொரு குடும்பம் தம்பி.”

“ஒரு ரிக்கெற்றுக்கு ஒராள்.”

“இது குடும்பத்துக்கு எடுத்த ரிக்கெற்.”

“குடும்பத்துக்கோ? இதென்ன நிவாரணமோ அம்மா?”

பக்கத்தில் நின்ற இன்னொரு கறுப்புச் சட்டை சிரித்தது. ஐயாத்துரை விடவில்லை. “நிவாரணமெண்டால் மாவாவது தந்திருப்பாங்கள், தம்பி. இதிலை என்ன தாறியள்?”

சத்தம் கேட்டுச் சுகிர்தன் ஓடிவந்தான். அவன் கெட்ட பெடியன் இல்லை, அவசரக்காரன். பின்னால் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன, முன்வரிசை ஆட்கள் இறங்க முடியாமல் ஹோர்ன் அடிக்கிறார்கள். பிரச்சினையைத் தீர்க்கிறேன் என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

“எல்லாரும் ஒதுங்குங்கோ! வீட்டுக்கு ஒராள் வாங்கோ! வீட்டுக்கு ஒராள் மட்டும்!”

அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. சின்னப் பிள்ளைகள் மட்டும் ஏன் என்று தெரியாமல் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் இருந்த எந்தத் தாயும் அந்தச் சொற்களை மறந்திருக்கமாட்டாள். போருக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டார்கள், வீட்டுக்கு ஒருவர் போனார்கள். நேசமலரின் மூத்தவன் அப்படிப் போனவன். அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகிர்தனுக்கு எதுவும் தெரியாது. அமைதியாகிவிட்டார்கள், நல்லது என்று நினைத்துக்கொண்டு மோட்டார் வண்டிகளுக்கு வழிவிடப் போனான்.

பிறகு ஒவ்வொரு குடும்பமும் வாசலில் நின்று யார் போவது என்று கதைத்தது. நீ போ, இல்லை நீ போ என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். ஐயாத்துரை வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

“காசு குடுத்தவன் நான். நான் போறன்.”

“மாமா, எனக்கெண்டுதானே எடுத்தனீங்கள்?” என்றாள் தனுஷா.

“பிள்ளை உன்னை விட்டிட்டு இருப்பானே? நான் வந்து சொல்லுறன்.”

தனுஷாவின் இடுப்பில் குழந்தை, கையில் பாய். அவள் நேசமலரைப் பார்த்தாள், அவ்வளவுதான். இலவசச் சீட்டை நேசமலர் அவளிடம் நீட்டினார். குழந்தையை உள்ளே கொண்டுபோக முடியாது என்றான் காவல்காரன், தனுஷா சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மண்டபத்துக்குள் நேசமலர் கண்டது என்ன தெரியுமா? பின்வரிசைகளில் பாதிக்கு மேல் வெறுங்கதிரை. இவ்வளவு விலை வைத்தால் வேறு எப்படி இருக்கும்? சுகிர்தனைக் கூப்பிட்டார்.

“தம்பி, இவ்வளவு கதிரை சும்மா கிடக்குது. அதுகளை உள்ளை விடன்.”

“காசு குடுத்த ஆக்களுக்கு அநியாயமெல்லே அன்ரி.”

வெறுங்கதிரையில் ஒரு பிள்ளை ஏறி இருந்தால் முன்வரிசைக்காரரின் இருபதாயிரத்தில் எந்தச் சதம் குறைகிறது? இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளங்கப்படுத்தவேண்டும். நடிகருக்கு விமானச் செலவு உண்டு, மண்டபத்துக்கு வாடகை உண்டு, வெளிச்சம் போட்டவருக்குக் கூலி உண்டு. அதற்காக யாரும் சண்டை பிடிக்கவில்லை. எவருக்கும் செலவில்லாத ஒன்றைக்கூடப் பூட்டி வைப்பதைத்தான் கேட்கிறேன்.

நிகழ்ச்சி பிந்தித் தொடங்கியது. நடிகர் வந்தார், மாலை விழுந்தது, விசில் பறந்தது. கதிரையில் இருந்தார், கண்ணாடி போட்டார், தாளை எடுத்தார், வாசித்தார். ஐயாத்துரை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம், “எப்ப எழும்புவான்?”

வெளியே நடந்தது வேறு. நடிகரின் படப்பாட்டுகளைப் போடுவதற்காக வாசலில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவற்றை நிறுத்த மறந்துவிட்டார்கள். வாசிப்பு வெளியேயும் தெளிவாகக் கேட்டது. சனம் வேப்பமரத்தடியில் பாய் விரித்தது, புட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தது, கேட்டது. தனுஷா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். உள்ளே இருந்தவர்களைவிட நல்லாகத்தான் இருந்தது என்று அவள் சொல்கிறாள். காற்று வந்தது, தேத்தண்ணி இருந்தது, யாரும் முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நாடகமும் மோசம் இல்லையாம். ஒரு பெண் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குளக்கட்டால் ஓடும் இடம் வந்தபோது பாயில் இருந்த எல்லோரும் தலை குனிந்துகொண்டார்களாம்.

அந்த இடத்தில் சத்தம் நின்றது.

கொம்பனிக்காரர் ஒருவர் வெளியே வந்து பார்த்திருக்கிறார். காசு கொடுக்காதவர்கள் கேட்கிறார்கள். போய் வயரைக் கழற்றிவிட்டார்.

தனுஷா நேசமலருக்குப் போன் எடுத்தாள். மண்டபத்துக்குள் போன் அலறியது. நடிகர் வாசிப்பை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“யாருங்க அது? போனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க.”

நேசமலர் போனைக் காதில் வைத்தபடியே எழும்பினார். “ஓம் சொல்லு… நிப்பாட்டிப்போட்டாங்களோ?… ஆர்?… சரி, வை.”

“அம்மா, உட்காருங்கம்மா,” என்றார் நடிகர். குரலில் அன்பு வழிந்தது. “உங்க வலியைத்தாம்மா வாசிச்சிட்டு இருக்கேன்.”

மண்டபம் கைதட்டியது.

“என்ர வலி எனக்குத் தெரியும் தம்பி,” என்றார் நேசமலர். கடையில் ஐந்து பேரின் கதைக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல் அது, ஒலிவாங்கி தேவையில்லை. “வெளியிலை எங்கட சனம் பாயிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை உங்கட ஆக்கள் நிப்பாட்டிப்போட்டினம். திரும்பப் போடச் சொல்லுங்கோ. போட்டால் நான் இருக்கிறன்.”

“இருத்துங்கோ அவாவை! காசு குடுத்துத்தானே வந்தனாங்கள்!” என்று முன்வரிசையில் இருந்து ஒரு சத்தம்.

“நானும் எங்கட சனத்திட்டைக் காசு வாங்கித்தான் வந்தனான். வீட்டோடை வாங்கோ எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

நடிகர் மேடையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே நின்ற கொம்பனிக்காரர் கையை அசைத்தார். நடிகர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “டெக்னிக்கல் டீம் பாத்துப்பாங்கம்மா,” என்றார். பிறகு விட்ட வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

ஒரு சொல் போதும் அவருக்கு. “போடுங்க” என்று அவர் ஒருதரம் சொல்லியிருந்தால் அந்தக் கொம்பனியில் எவனுக்கு மறுக்கத் தைரியம் வரும்? தாளில் இருந்த பெண்ணுக்காகக் குரல் நடுங்கியவர், அதே பெண்ணைப் போன்றவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது தண்ணீர் குடித்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது தன் வேலையாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேசமலர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் எழும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, ஒரு நாள் கூலியைப் பாதியில் விட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் முடிகிற காரியம் அல்ல. ஐயாத்துரை கடைசி வரை இருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் கேட்க, கண்ணாடி போடுவதும் தண்ணி குடிப்பதுமாக நடிகரைப் போல நடித்துக் காட்டினார். “உங்க வலியைத்தாம்மா” என்று அவர் இழுத்தபோது பஸ் குலுங்கச் சிரித்தது. தனுஷாகூடச் சிரித்தாள். நேசமலர் சிரிக்கவில்லை. அவர் முன் சீற்றில் வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. அடுத்த கிழமை கடைக்கு வந்த ஒருவர், “அக்கா, வடையும் வீட்டுக்கு ஒண்டுதானோ?” என்று கேட்டார். பகிடிதான். பிறகு இன்னொருவர் கேட்டார். விதைநெல்லைப் பற்றி அவர் ஏதோ சொன்னபோது ஒரு பெண் தலையாட்டிவிட்டு வேறு இடத்திலும் விசாரிக்கப் போனாள். இருபது வருடம் தேத்தண்ணியோடு சேர்த்துக் கொடுத்த சொல்லை இரண்டு மணித்தியாலத்தில் கரைத்துவிட்டார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கொம்பனியின் முகநூலில் ஒரு படம் வந்தது. வாசலுக்கு வெளியே பாய்களில் இருக்கும் சனம், நடுவில் குழந்தையோடு தனுஷா. கீழே, “அரங்கு நிறைந்து வெளியிலும் அலைமோதிய வன்னி மக்கள்!” உள்ளே பாதி வெறுங்கதிரை. வெளியே துரத்தப்பட்டவர்களின் முகத்தைக் கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம். அந்தப் படத்துக்கு அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த நிகழ்ச்சியும் வருகிறது. போன மாதம் சுகிர்தன் புதுப் பதாகையோடு கடைக்கு வந்தான். வேறு முகம், அதே விலை. பழைய பதாகை கடைக்குப் பின்னால் விறகுக் குவியலை மூடிக்கொண்டு கிடந்தது, முகம் உள்பக்கமாக.

“ரிக்கெற்றைத் தமிழிலை அடி,” என்றார் நேசமலர். “ஆளுக்கு ஒண்டெண்டால் அதைப் பெரிசா எழுது. வெளியிலை பெட்டி போடு, கடைசிமட்டும் நிப்பாட்டக்கூடாது. ஓமெண்டால் ஒட்டு.”

“அன்ரி, அதெல்லாம் என்ர கையிலை இல்லை.”

“என்ர கையிலை இந்தச் சுவர் இருக்குத் தம்பி.”

அவன் போய் எதிர்க்கடையில் ஒட்டினான். அந்தக் கடைக்காரரிடம் நேசமலர் வீதியைக் கடந்துபோய் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டுப் பதாகையைக் கழற்றவில்லை. கிழமைக்கு ஒருதரம் நேசமலர் மறுபடியும் போய்ச் சொல்கிறார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இப்படியான நிகழ்ச்சிகளுக்குக் காசு கொடுக்கிறீர்கள், உங்கள் பெயர் பதாகையின் அடியில் வருகிறது. சிலர் கிளிநொச்சியில் முன்வரிசைக் கதிரை வாங்குகிறீர்கள். அடுத்த சீட்டை வாங்க முன்னர் கொம்பனிக்குப் போன் எடுங்கள். மேடையில் அவர் என்ன செய்வார், சீட்டு எந்த மொழியில் இருக்கிறது, வெறுங்கதிரை இருந்தால் வாசலில் நிற்பவர்களை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். வெளியே ஒலிபெருக்கி கடைசி வரை பேசவேண்டும் என்று சொல்லுங்கள். மாட்டோம் என்றால் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். ஏற்கனவே வாங்கி உள்ளே போய் இருந்துவிட்டீர்களா? வெளியே சத்தம் நின்றுவிட்டது என்று ஒரு பெண் எழும்பிச் சொன்னால், அவரை இருத்தச் சொல்லிக் கத்தாதீர்கள். நீங்களும் எழும்புங்கள்.